கருப்புத் திரைக்கு மூடுவிழா

என் பெயர் தேவகிருபை. கிருபையெல்லாம் பெயரோடு சரி, குணத்தில் அது கிடையாது என்று ராயபுரம் முழுக்கத் தெரியும். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கன்ட்ரோல் ரூம் வேலை. வருகிற டிரெய்லரை எந்த வரிசையில் இறக்க வேண்டும், போக வேண்டிய பெட்டி எங்கே கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன் என்றால் டிரெய்லர்கள் எர்ணாவூர் வரைக்கும் வரிசை கட்டி நின்றுவிடும். வாயை மூடாமல் இருப்பதற்குச் சம்பளம். ஆண்டவர் ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்.

சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள இடம் என்பதால் கைபேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வாக்கி-டாக்கி என்று ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் அதற்குத் தொண்டை கட்டிப் போய், நான் 'சி வரிசை' என்று சொன்னால் யார்டில் 'கர்ர்ர்' என்று கேட்கும். கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ராட்சச வண்டிக்கு ஸ்டாக்கர் என்று பெயர். அதை ஓட்டுகிறவர் கஸ்பார். அந்தக் 'கர்ர்ர்'ரைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டுவார். அது மட்டும் எனக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்கும்.

இந்தக் கூத்தை ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் எங்கள் சிஸ்டம் ஆள் ஃபர்ஹான் கருப்புத் திரையைக் கொண்டுவந்தான்.

"அக்கா, நம்ம கம்ப்யூட்டருங்கல்லாம் சாவக் கெடக்குற கெழங்கட்டைங்க. இதுங்களுக்குக் கஞ்சிதான் ஊத்தணும். பிரியாணி போட்டா உசுரு பூடும்" என்றான்.

அவன் ஊற்றிய கஞ்சி இதுதான்: கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. வலது ஓரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்கள். கீழே ஒரே ஒரு வரி. அதில் அடித்து எண்டரைத் தட்டினால், அடித்தது அடுத்த நொடி எல்லாருக்கும் போய்ச் சேரும். மவுஸுக்கு அங்கே வேலையே இல்லை. தமிழ் எழுத்து போட்டால் கேள்விக்குறியாக வரும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்போம். படம் கிடையாது, பாட்டு கிடையாது. காலையில் ரோஜாப்பூவை வைத்து 'இனிய காலை வணக்கம்' அனுப்ப வழியே கிடையாது. அந்த ஒன்றுக்காகவே ஃபர்ஹானுக்கு மாலை போடலாம்.

ஒரு சாய்வுக்கோடு போட்டு 'அவே' என்று அடித்தால் ஆள் வெளியே போயிருப்பதாகக் காட்டும். கஸ்பார் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். டீக்கு அவே, பீடிக்கு அவே, மச்சானோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் மனசே சரியில்லை என்று ஒரு அவே. இருந்தாலும் வேலை நடந்தது. ஸ்டாக்கர் கேபினில் எப்போதோ மாட்டி மறந்துபோன சின்னத் திரையில்கூட அது ஓடியது.

ஃபர்ஹானை நல்லவன், வல்லவன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாய் நீளம். தினமும் லேட்டு. கேட்டால், "பெரம்பூர்ல டிராஃபிக்கு" என்பான். வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூருக்கு வருகிறவனுக்குப் பெரம்பூரில் என்னடா வேலை என்று ஒருநாள் பிடித்து உலுக்கினேன். தஸ்னீம் என்ற பெயர் வெளியே வந்தது. பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம். அவள் பஸ்ஸில் போவாள். நம்ம துரை அவள் பின்னாலேயே பைக்கில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் காவல் போய்விட்டு, அப்புறம் சாவகாசமாக வடக்கே திரும்பி வருவார்.

தஸ்னீமின் அத்தா ரஹீம் பாய்க்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை. பையனை அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு கொக்கி போட்டார். "காண்ட்ராக்ட் மாப்பிள்ளைக்குப் பொண்ணையும் காண்ட்ராக்ட்லதான் குடுக்கணும். பெர்மனென்ட் ஆர்டரை எடுத்தாரச் சொல்லு, மறுநாளே தேதி வெக்கிறேன். பெருநாளைக்குள்ள வரலேன்னா வேற எடம் பாத்துருவேன்." வருஷா வருஷம் காண்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஃபர்ஹானுக்கு அதைக் கேட்டதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. வாயாடிப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கச் சகிக்காது.

இனி எங்கள் மேனேஜர் ஃப்ரெடி. பிறந்து வளர்ந்தது பனைமரத்தொட்டியில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. கழுத்தில் டை ஏறிய நாளிலிருந்து தமிழ் அவருக்கு மீன்முள்ளாகத் தொண்டையில் குத்துகிறது. கருப்புத் திரையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"வாட் இஸ் திஸ், ஹேக்கர்ஸ் ஆஃபீஸ் மாதிரி? விசிட்டர்ஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

எங்கள் யார்டுக்கு விசிட்டர் என்று வருவது நாயும் காக்காயும்தான். அவை இதுவரைக்கும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தது 'மித்ரா' என்ற ஆப். நீல நிறம். திறந்தவுடன் ஒரு பொம்மை சிரித்துக்கொண்டே, 'ஹாய் தேவகிருபை, இன்று உங்கள் மனநிலை எப்படி?' என்று கேட்கும். கீழே ஐந்து முகங்கள் இருக்கும். என் மனநிலைக்கு ஏற்ற முகம் அதில் கிடையாது. ஏதோ ஒன்றைத் தொட்டு வைப்போம் என்று போனால் அதற்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். எங்கள் கிழங்கட்டைக் கம்ப்யூட்டர்களில் அந்த வட்டம் மத்தியானம் வரைக்கும் சுற்றும். கஸ்பாருக்குக் கேபினில் ஒரு டேப்லெட் மாட்டிவிட்டார்கள். வெயில் ஏறினால் அது சூடாகி அணைந்துபோகும். 'இந்த பொம்மைக்கு எளனி வாங்கிக் குடுக்கணுமா, ஃபேன் வுடணுமா?' என்று கருப்புத் திரையில் கேட்டிருந்தார் மனுஷன்.

மித்ராவைப் பார்க்க முதலாளியே சிங்கப்பூரிலிருந்து வரப்போகிறார் என்றதும் ஃப்ரெடிக்கு எங்கள் தயவு தேவைப்பட்டது. என்னையும் ஃபர்ஹானையும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வைத்தார். திடீரென்று தமிழ் நன்றாக வந்தது.

"கிருபைக்கா, டெமோ மட்டும் நல்லபடியா போயிடட்டும். அன்னைக்கே முதலாளிகிட்ட ஃபர்ஹானோட பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து வாங்கித் தரேன். மாதா மேல சத்தியம்."

ராயபுரத்துக்காரன் மாதா மேல் சத்தியம் செய்தால் என்ன செய்ய முடியும்? நம்பினேன்.

ஓடாத மித்ராவை ஓட வைக்கும் வித்தையை ஃபர்ஹான்தான் சொன்னான். ஃப்ரெடியின் அறையில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டரைக் கன்ட்ரோல் ரூமுக்குத் தூக்கி வந்து, அதில் மித்ராவைத் திறந்து பெரிய டிவியில் காட்டுவது. பக்கத்தில் என் பழைய கம்ப்யூட்டரில் கருப்புத் திரை. வாசலிலிருந்தும் யார்டிலிருந்தும் உண்மையான பேச்சு முழுக்கக் கருப்புத் திரையில் வரும். நான் அதைப் பார்த்துப் பார்த்து, அவர்களே அவரவர் டேப்லெட்டில் தட்டிய மாதிரி மித்ராவில் அடிக்க வேண்டும். டிவியில் பச்சைப் புள்ளிகள் நகரும். முதலாளி மயங்குவார்.

ஃபர்ஹான் எல்லாருக்கும் சேர்த்துக் கருப்புத் திரையில் அடித்தான்: 'யாரு கேட்டாலும் மித்ரா. வானத்துலேந்து மலக்கே எறங்கி வந்து கேட்டாலும் மித்ராதான்.'

கஸ்பாரிடமிருந்து பதில் வந்தது: 'எம்மேல பாரத்தப் போடு நைனா. உன் கல்யாணம் என் பொறுப்பு.'

முதலாளி வந்த அன்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். டிவிக்குச் சந்தனம், குங்குமம். வேலை செய்யப்போகிற கருப்புத் திரைக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. அதை நான் ஒரு ஃபைலைச் சாய்த்து வைத்து முதலாளி கண்ணில் படாமல் மறைத்திருந்தேன்.

முதலாளி பருமனான, அமைதியான மனிதர். அதட்டிப் பேசாதவர். என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் இடது கண்ணால் கருப்புத் திரையைப் படித்து, வலது கையால் மித்ராவில் அடித்தேன். வாசலில் ஒரு டிரெய்லர் வந்தது என்று கருப்பில் விழுந்தால், டிவியில் பச்சைப் புள்ளி முளைக்கும். கஸ்பார் பெட்டியை இறக்கிவிட்டேன் என்றால் புள்ளி நகரும். எனக்கு முதுகில் வேர்வை ஓடியது. ஃப்ரெடி ஏதோ அவரே யார்டில் இறங்கிப் பெட்டி சுமந்த மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்டாக்கர் டிரைவருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப முடியுமா?" என்று முதலாளி கேட்டார். "ஹாரன் அடிக்கச் சொல்லுங்க."

மித்ராவில் அடித்தேன். வட்டம் சுற்றியது. சுத்தாதே சனியனே என்று வாய் வரை வந்த திட்டை, முதலாளி இருக்கிறார் என்று விழுங்கினேன். இந்தப் பக்கம் கருப்புத் திரையில், 'கஸ்பாரு, ஹாரன் அடி, ஜல்தி' என்று தட்டினேன். அடுத்த நொடி யார்டே அதிர ஹாரன் கேட்டது. ஒருமுறை அடித்தால் போதாதா? நாலு முறை அடித்தார்.

முதலாளி சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "அவருக்கு ஏதாவது வேணுமான்னு கேளுங்க."

கருப்புத் திரையில் கேட்டேன். 'ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. அந்த டை கட்டின பேமானிய வண்டி பக்கம் வர வேணாம்னு சொல்லு' என்று வந்தது. அதை மித்ராவில் இப்படி மொழிபெயர்த்தேன்: 'நன்றி ஐயா. மித்ரா இருக்க எனக்கு என்ன குறை?'

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபர்ஹான் மூலையில் நின்று பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். பல வாரங்களுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. ஆர்டர் வந்துவிட்டது, கல்யாணப் பிரியாணிக்கு என்ன புடவை கட்டலாம் என்கிற வரைக்கும் என் புத்தி போய்விட்டது.

"எக்ஸலன்ட்" என்று முதலாளி எழுந்தார். "இவ்வளவு நல்லா ஓடும்னு நான் நினைக்கலை. ஃப்ரெடி, இதுக்கு சர்வீஸ் யார் பாக்குறாங்க?"

"ஆப் கம்பெனியே பாத்துக்குவாங்க சார். எல்லாமே அங்கிருந்தே."

"அப்போ இங்க தனியா சிஸ்டம் ஆள் எதுக்கு? பழைய மெஷின், பழைய புரோகிராம், அதைப் பாத்துக்க ஒரு ஆள். இனிமே அந்தச் செலவு வேண்டாம். இந்த மாசத்தோட முடிச்சிடுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஃப்ரெடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நானும் அதேதான் நினைச்சேன் சார்." திரும்பி, "ஃபர்ஹான், அந்த பிளாக் ஸ்கிரீனை இப்பவே க்ளோஸ் பண்ணிடு" என்றார்.

ஃபர்ஹான் என்னைப் பார்த்தான். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது; அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. அப்புறம் வந்து என் பக்கத்தில் குனிந்து ஏதோ இரண்டு வார்த்தை அடித்தான். வலது ஓரத்தில் வாசல் பெயர் போனது. கஸ்பார் பெயர் போனது. கடைசியில் என் பெயரும் போய், வெறும் கருப்பு மட்டும் நின்றது.

"நீங்க இவ்ளோ நல்லா பண்ணாம இருந்திருக்கலாம்க்கா" என்றான், என் காதுக்கு மட்டும்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"சார், அத்தினியும் பொய்!" என்று கத்திவிட்டேன். "உங்க மித்ரா ஒரு மண்ணும் பண்ணல. நான்தான் குந்திகினு கையால அடிச்சேன். பேச்சு அத்தினியும் இந்தக் கருப்புத் திரையிலதான் வந்துகினு இருந்துச்சு. அத்தப் போட்டவன் இந்தப் பையன். ஹாரன் அடிக்கச் சொன்னதும் இதுலதான் சார்!"

ஃப்ரெடி மெதுவாகச் சிரித்தார். "கூட வேலை பாத்த பையன் மேல பாசம் சார். கல்யாணம் வேற வெச்சிருக்கான். பாவம்."

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் எங்கள் கேடுகாலம். கெட்டவராக இருந்திருந்தால் என்னையும் துரத்திவிட்டுக் காரில் ஏறியிருப்பார். இவர் நியாயஸ்தர். "இருங்கம்மா. ஒருத்தர் சொல்றதை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. ஹாரன் அடிச்சாரே, அவரையே கேட்டுடுவோம்" என்று யார்டுக்கு நடந்தார்.

கஸ்பாருக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்தது 'யார் கேட்டாலும் மித்ரா' என்றுதானே. ஒரே ஒரு வரி போதும்: 'கஸ்பாரு, பிளான் மாறிடுச்சு.' அதை அனுப்ப வழியில்லை. கருப்புத் திரை செத்துக் கிடந்தது. அவசரத்தில் மித்ராவிலேயே அடித்துப் பார்த்தேன். பொம்மை சிரித்தது. வட்டம் சுற்றியது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதலாளி பின்னால் ஓடினேன்.

கஸ்பார் எங்களைப் பார்த்ததும் ஸ்டாக்கரை நிறுத்திவிட்டு, கேபின் கதவைத் திறந்து பெரிய சலாம் போட்டார். முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"கஸ்பாரு! உண்மையச் சொல்லு! உள்ளத உள்ளபடி சொல்லு!"

சொன்ன பிறகுதான் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பாதுகாப்பு அதிகாரி யாராவது சோதனைக்கு வந்தால், நான்தான் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உண்மையச் சொல்லு" என்று ஆட்களை அதட்டுவேன். அதிகாரிக்கு என் மேல் மரியாதை வரும். ஆட்கள் நாங்கள் ஏற்கெனவே பேசி வைத்த பொய்யைக் கோர்வையாகச் சொல்வார்கள். வெளியாள் முன்னால் யார்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு உறுதியாகப் பொய் வரும்.

கஸ்பாரின் முகம் அந்த உறுதிக்கு வந்துவிட்டது.

"உங்களுக்கு வேலை சொல்றது எதுல? மித்ராவிலயா, இல்ல பழைய கருப்பு ஸ்கிரீன்லயா?" என்று முதலாளி கேட்டார்.

"கருப்பு ஸ்கிரீனா? அது இன்னா சார் அது?" என்றார் கஸ்பார். "எல்லாம் மித்ராதான் சார். சோக்கா கீது. அந்த பொம்மை காலைல இன்னா மனநிலைன்னு கேக்குது பாருங்க, என் பொண்டாட்டிகூட என்னைய அப்டி ஒருநாள் கேட்டதில்ல."

"யோவ், நெசமாத்தான்யா சொல்றேன்! பொய் சொல்லாத!" என்று நான் அலறினேன். கண்ணை உருட்டினேன், தலையை ஆட்டினேன். என் நடிப்பை மெச்சி அவர் ஓரக்கண்ணால் எனக்கு ஒரு சிரிப்பு வேறு கொடுத்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மாதா மேல ஆணையா சார். மித்ரா இல்லாங்காட்டி எங்க பொழப்பே இல்ல."

முதலாளி தலையசைத்தார். என் பக்கம் திரும்பி, "உங்க நல்ல மனசு புரியுதும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் காரில் ஏறுவதற்குள் வழியனுப்ப வந்த ஃப்ரெடியின் சட்டையைப் பிடிக்காத குறையாக மறித்தேன்.

"சார், மாதா மேல சத்தியம் பண்ணீங்களே. டெமோ நல்லாத்தானே போச்சு? எங்க ஆர்டரு?"

"போஸ்ட்டே இல்லாதப்போ எந்த போஸ்ட்டுக்குக்கா ஆர்டர் வாங்குறது?" என்று ஃப்ரெடி நியாயம் கேட்டார். கார் போனது.

ஃபர்ஹான் கன்ட்ரோல் ரூமிலிருந்து பையை மாட்டிக்கொண்டு யார்டுக்குள் நடந்து வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக என் வாயில் ஒரு சொல்லும் இல்லை. அழுகைதான் வந்தது.

கஸ்பார் ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தார். வேர்வையோடு ஃபர்ஹானைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார்.

"இன்னா நைனா, பாத்தியா இந்த கஸ்பார? மாதா மேல பொய் சத்தியம் பண்ணிட்டேன்டா, உனக்கோசரம். என் ஜென்மத்துல பண்ணாத பாவம். பரவால்ல, ஞாயித்துக்கெழம சாமியார் கைல பாவசங்கீர்த்தனம் பண்ணி அத்தக் கழுவிக்கிறேன். நீ சொல்லு, ஆர்டரு கைக்கு வந்துடுச்சா? கல்யாணம் எப்போ?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஃபர்ஹான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். பிறகு கஸ்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சொல்றேன் அண்ணாத்த" என்றான். "தேதி வெச்சவுடனே மொத பத்திரிகை உங்களுக்குத்தான்."